இரும்பு முதலில் போகும்

மூணாறுக்குப் போனால் யாரிடமாவது "ரயில்வே ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆலுவாவுக்குப் போங்கள் என்பார்கள். இல்லையென்றால் போடிக்கு இறங்குங்கள் என்பார்கள். இரண்டுமே மலைக்குக் கீழே, மணிக்கணக்கில் பயணம். ஆனால் கேட்ட கேள்வியில் தவறில்லை. மூணாறில் ஸ்டேஷன் இருந்தது. அந்தக் கட்டிடம் இன்றும் இருக்கிறது, தேயிலைக் கம்பெனியின் வட்டார அலுவலகமாக. இப்போது அங்கே ஓடுவது கோப்புகள் மட்டும்தான்.

1902-இல் மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை வண்டிப் பாதையை ஒட்டி ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போட்டார்கள். பாரம் தாங்கும் சிறு சக்கரம் அந்த ஒற்றை இரும்பின் மேல் உருளும். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண் சாலையில் உருளும். இழுத்தவை மாடுகள். யூவிங் முறை என்று இதற்குப் பெயர். பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் கழித்து இதே முறையில் ஒரு பாதை வந்தது. 1908-இல் மூணாறுக்காரர்கள் இந்த விசித்திர வண்டியைக் கைவிட்டு, இரண்டடி அகலத்தில் முறையான குறுகிய ரயில் பாதை போட்டார்கள். குட்டி இஞ்சின்கள் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை இழுத்துப்போகும். அங்கிருந்து கயிற்றுப் பாதையில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். கடைசியில் கப்பலேறி இங்கிலாந்து.

1924 ஜூலையில் கொட்டிய மழை இதையெல்லாம் வாரிக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றே இன்றும் சொல்கிறார்கள். மலை சரிந்தது, பாலங்கள் போயின, மூணாறு ஊரே முங்கியது. ரயில் பாதையை மறுபடி போட யாரும் முன்வரவில்லை. பதினாறே ஆண்டில் கதை முடிந்தது.

கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்தப் பாதையைத் தேடிப் போகிறவர்களுக்குக் கிடைப்பது முதலில் ஏமாற்றம்தான். பாசி படிந்த தண்டவாளம், நடுவே முளைத்த மரம், காட்டுக்கொடி சுற்றிய இஞ்சின் என்று இணையத்தில் பார்த்த எதுவும் இங்கே இல்லை. தேயிலைச் சரிவு, சாலை, சாலையோரத்தில் கேரட் விற்கிறவர்கள். ரயில் எங்கே?

கைவிடப்பட்ட ரயில் பாதைப் படங்களுக்குக் கீழே வழக்கமாக ஒரு வரி இருக்கும்: 'இயற்கை மீட்டெடுத்துக்கொண்டது.' எனக்கு இந்த வரியின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. செடி வருவதற்கு முன்பே அங்கே வந்து போனவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாதை நின்றால் முதலில் போவது இரும்பு. அதை எடுப்பவன் மனிதன். அதற்குப் பிறகுதான் ஜல்லியின் மேல் செடி ஏறும். கடைசிவரை போகாமல் நிற்பது மண்: வெட்டிய மேடு, கொட்டிய கரை, வளைத்த வளைவு. ஆகவே பழைய ரயிலைத் தேடுகிறவர் தண்டவாளத்தைத் தேடக்கூடாது. மண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பள்ளிக்கூட மணி

இரும்பு எங்கே போகிறது என்பதற்கு நம் எல்லோரிடமும் ஒரு சாட்சி இருக்கிறது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். வேப்பமரக் கிளையிலோ தாழ்வாரத்து விட்டத்திலோ கம்பியில் கட்டித் தொங்கும் ஒரு முழத் தண்டவாளத் துண்டு. அதைத் தட்டினால்தான் வகுப்பு விடும். அந்தத் துண்டு எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று அப்போது யாரும் கேட்டதில்லை. பழைய வீடுகளில் மாடியைத் தாங்கும் உத்தரமாகத் தண்டவாளம் கிடக்கும். வேலிக்கால், விளக்குக் கம்பம், கால்வாய் மேல் போட்ட பாலத்தின் அடிக்கட்டை என்று அதற்கு ஆயிரம் வேலை. நல்ல கனமான எஃகு, துரு தின்று தீர்க்க வெகுகாலம் ஆகும். தானாக மட்கிப்போக அது காத்திருப்பதேயில்லை.

பெரிய அளவில் இதைச் செய்தது இரண்டாம் உலகப் போர். பஞ்சக் காலத்தில் தானியம் போய்ச்சேர வழி வேண்டும் என்பதற்காக 1900-களின் தொடக்கத்தில் பழைய சேலம் மாவட்டத்தின் வறண்ட பகுதியில் இரண்டு குறுகிய பாதைகள் போடப்பட்டன. ஒன்று திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி. மற்றது மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரை போய், பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டரை அடி அகலம், மெதுவான வண்டி. பஸ் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பாதைகள் நட்டத்தில் விழுந்தன. போர் வந்து இரும்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நட்டத்தில் ஓடும் பாதைகள்தான் முதலில் கண்ணில் பட்டன. மொரப்பூர்–ஓசூர் பாதையைக் கழற்றினார்கள். கேரளத்தில் ஷொரணூர்–நிலம்பூர் பாதைக்கும் அதே கதி. மொரப்பூரையும் தர்மபுரியையும் மறுபடி ரயிலால் இணைக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகத் தர்மபுரிக்காரர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். இருந்ததைத் திருப்பிக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

இலங்கையின் வடக்கில் இரும்பு வேறொரு காரியத்துக்குப் போனது. 1956-இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. காங்கேசன்துறை வரை போன பாதையில் போர் நடந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளின் கூரையாயின. வெட்டிய பனைமரங்களும் அதே வேலைக்குப் போயின. பாதை இருந்த மேட்டில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கொட்டில் போட்டன. வெள்ளம் ஏறாத உயரமான நிலம் அது, வேறெங்கே போவார்கள்? யாழ்ப்பாணம் ஸ்டேஷன் கூரையில்லாமல் பல ஆண்டு நின்றது. குண்டு துளைத்த சுவருக்குள் புல்லும் செடியும் வளர்ந்திருந்ததை, போர் முடிந்த 2009-க்குப் பிறகு போனவர்கள் நிறையப் படமெடுத்தார்கள். 'இயற்கை மீட்டெடுத்தது' என்று அதற்குக் கீழே எழுதினால், இருபது வருடக் கதையைப் புல்லுக்குள் மறைத்த மாதிரி ஆகும்.

ஜல்லிக்குள் ஒரு எரிமலை

இனி செடியின் முறை.

ரயில் ஓடுகிற வரை பாதை ஒரு செயற்கைப் பாலைவனம். ஜல்லியைக் கனமாகக் கொட்டுவதற்கு ஒரு முக்கியக் காரணம் தண்ணீர் தங்கக்கூடாது என்பது. தண்ணீர் வடிந்துவிடும், மண் இருக்காது, வெயிலில் கல் கொதிக்கும். மீறி முளைத்ததைக் கேங்மேன்கள் பிடுங்குவார்கள், மருந்தடிப்பார்கள். ரயில் நின்றால் முதலில் மாறுவது தண்டவாளத்தின் மேற்பரப்பு. சக்கரம் தேய்த்துத் தேய்த்து வெள்ளியாக மின்னிய இரும்பு, சில நாளிலேயே செம்பழுப்பாகும். பிறகு காற்று தூசியைக் கொண்டுவந்து கல்லிடுக்கில் போடும். சருகு விழும், மட்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் இடுக்குகள் மண்ணால் நிரம்பி, விதை பிடிக்க இடம் கிடைத்துவிடும்.

எந்த விதை பிடிக்கும் என்பதில்தான் சுவாரசியம். கல்லும் வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் ஏற்கெனவே வாழப் பழகிய செடிதான் வரும். இங்கிலாந்தில் இதற்கு ஒரு பிரபலமான எடுத்துக்காட்டு உண்டு. சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்த ஒரு மஞ்சள் பூச்செடி, தோட்டத்துச் சுவரைத் தாண்டி ஊருக்குள் பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயில் வந்ததும், பாதையோரத்து நிலக்கரிக் கழிவும் ஜல்லியும் அதற்குச் சொந்த ஊரின் லாவா போலவே தோன்றியிருக்க வேண்டும். ஓடும் ரயில் கிளப்பிய காற்றில் பஞ்சு விதைகள் பறந்து, நாடு முழுக்கப் பாதையோரம் அதன் பூ பூத்தது. ரயில்தான் அதைப் பரப்பியது. இன்று ரயில் நின்ற இடத்திலும் அது பூக்கிறது.

நம் ஊரில் அந்த இடம் எருக்குக்கும் ஆவாரைக்கும் சீமைக் கருவேலத்துக்கும் உரியது. ஈரமுள்ள மலைப்பகுதி என்றால் உண்ணிச்செடி முந்திக்கொள்ளும். கல்வர்ட் என்னும் சிறுபாலத்தின் காரைக்கட்டு, ஸ்டேஷன் சுவர், தண்ணீர்த் தொட்டி என்று கட்டிடம் கண்ட இடமெல்லாம் காக்கை எச்சத்தில் வந்த அரசமும் ஆலும். இவற்றில் சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆகவே 'இயற்கை திரும்பி வந்தது' என்பதில் 'திரும்பி' என்ற சொல்லும் கொஞ்சம் இடிக்கிறது. அந்தப் பாதை போடுவதற்கு முன் அங்கே சீமைக் கருவேலம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

டெல்டா மாதிரி சமவெளியில் இன்னொன்று நடக்கிறது. வயலுக்கு மேலே பாதையை உயர்த்த மண் வேண்டும். அந்த மண்ணைப் பாதையின் இரண்டு பக்கத்திலும் தோண்டித்தான் எடுப்பார்கள். தோண்டிய குழிகளில் மழை நின்று, வரிசையாகக் குட்டைகள் உண்டாகும். சம்பு வளரும், அல்லி பூக்கும், நீர்க்கோழி வரும், கொக்கு நிற்கும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் போட்டு 1986-இல் நிறுத்திய பாதை மாதிரியானவற்றில், தண்டவாளம் போன பிறகும் இந்தக் குட்டை வரிசையை வைத்தே தடத்தைப் பிடிக்கலாம். என்னைக் கேட்டால், ரயில் போட்டவர்கள் விரும்பாமலே செய்த ஒரே நல்ல காரியம் இதுதான்.

இரும்பும் அப்படியே கிடந்து, செடியும் மேலே வளர்ந்த அபூர்வ இடங்களும் உண்டு. அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவது ஒரு சிக்கல் இருக்கும். பெர்லின் நகரின் டெம்பல்ஹோஃப் சரக்கு முனையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1889-இல் தொடங்கியது, 1952-இல் நிறுத்தினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம். மேற்கு பெர்லினில் இருந்த தண்டவாளங்களையும் கிழக்கு ஜெர்மனியின் ரயில் நிர்வாகமே வைத்திருந்தது. இடம் ஒருவர் கையில், இரும்பு இன்னொருவர் கையில். யாரும் தொடாததால் பல பத்தாண்டுகள் புல்லும் பிர்ச் மரமும் தம் போக்கில் வளர்ந்தன. தூரத்து ஊர்ச் சரக்கோடு வந்து உதிர்ந்த விதைகளும் சேர்ந்துகொண்டன. 1980-களில் அங்கே புது முனையம் கட்டப் போகிறோம் என்றபோது மக்கள் எதிர்த்தார்கள். 18 ஹெக்டேர் நிலத்தில் 350-க்கும் மேற்பட்ட செடி வகைகள் இருப்பதாகத் தாவரவியலாளர்கள் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். 2000-இல் அது ஸூட்கெலேண்ட இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நடைபாதைகள் பல இடங்களில் பழைய தண்டவாளத்தின் வழியே போகின்றன.

அந்தப் பூங்காவின் வேடிக்கை வேறு. சும்மா விட்டால் மொத்தமும் காடாகிவிடும். வெயில் வேண்டிய புல்லும் காட்டுத் தேனீக்களும் போய்விடும். அதனால் ஒரு பகுதியை மரம் மூடாமல் ஆடு மேய்த்தும் வெட்டியும் காக்கிறார்கள். கைவிட்ட இடத்தைக் கைவிட்ட மாதிரியே வைத்திருக்க வருடாவருடம் ஆள் போட வேண்டியிருக்கிறது.

மரம் இறங்கிய காடு

நம் பக்கத்தில் காடு உண்மையாகவே வென்ற பாதை எது என்றால் நான் பரம்பிக்குளத்தைச் சொல்வேன். கொச்சி சமஸ்தானம் தன் காட்டுத் தேக்கையும் ஈட்டி மரத்தையும் இறக்குவதற்காகப் போட்ட கானக டிராம்வே. 1907-இல் ஓடத் தொடங்கி, 1963-இல் நின்றது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர், ஒரு மீட்டர் அகல மீட்டர் கேஜ். ஜெர்மானியக் கம்பெனியின் இஞ்சின்கள்.

இதில் வியக்க வைப்பது சரிவுகள்தான். மலையிலிருந்து நேராக இறங்கும் சரிவில் இஞ்சின் ஓடாது. அதனால் உச்சியில் ஒரு பெரிய உருளையில் எஃகுக் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டியையும் மறு முனையில் காலி வண்டியையும் கட்டினார்கள். பாரவண்டி இறங்க இறங்கக் காலிவண்டி மேலே ஏறும். பிரேக் பிடிக்க ஆள் வேண்டும். இழுக்க எதுவும் வேண்டாம். கிணற்றில் ஒரு வாளி இறங்க மறு வாளி ஏறும் அதே கணக்கு. மரமே மரத்துக்குக் கூலி கொடுத்தது.

அந்த மரம் தீரத் தீர, லாரிச் சாலைகள் வரவர, டிராம்வே நட்டமாகி நின்றது. இரும்பைக் கழற்றினார்கள். இன்று அது புலிகள் காப்பகம். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் சாலை வழியாக அங்கே போக சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். டாப்ஸ்லிப் என்ற பெயரே, வெட்டிய மரத்தை மேலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால் வந்தது. டிராம்வே தடத்தில் வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் நடக்கலாம். பாதை என்னவோ மிகவும் சுகமான நடை: ஏற்றம் மெல்லத்தான் இருக்கும், வளைவு நீண்டு போகும். யானைகளுக்கும் அது தெரியும். ரயிலுக்காகச் சமன் செய்த தடத்தில் யானை லத்தி கிடக்கும். காட்டை வெட்டி வெளியே அனுப்பப் போட்ட வழி, காட்டுக்குள்ளேயே ஒரு வழியாகிவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் படமெடுப்பது

ரயிலின் பலவீனம் தெரிந்தால் ரயில் பாதையைக் கண்டுபிடிக்கலாம். இரும்பின் மேல் இரும்புச் சக்கரம் வழுக்கும்; அதனால் ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. சாதாரணமாக நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுவதே அதிகம், மலையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். சட்டென்று திரும்பவும் முடியாது. மாட்டுவண்டிப் பாதை வரப்பையும் கோவிலையும் சுற்றி வளைந்து போகும். ரயில் பாதை யார் வயல் என்று பார்க்காமல் ஒரே வீச்சில் வெட்டிக்கொண்டு போகும். செயற்கைக்கோள் படத்தில் வயல் வரப்புகளைச் சாய்வாகக் கடந்து போகும் ஒரு வழுவழுப்பான வளைவு தென்பட்டால், அதன் மேல் கண்ணை வையுங்கள். கால்வாயாகவும் இருக்கலாம். கால்வாய் என்றால் தண்ணீர் போகும் திசைக்கே இறங்கிக்கொண்டிருக்கும். ரயில் பாதை ஏறி இறங்கும், ஓடையை மேலே தாண்டும்.

பழைய நில அளவை வரைபடங்களில் பாதைகள் அப்படியே இருக்கும். ஊர்ப் பேச்சிலும் இருக்கும்: ரயிலே இல்லாத இடத்தில் 'ரயிலடி' என்றோ 'பழைய ஸ்டேஷன் ரோடு' என்றோ ஒரு நிறுத்தம் இருந்தால் இறங்கி விசாரிக்கலாம். டீக்கடையில் வயதானவர் ஒருவர் இருந்தால் வரைபடத்தைவிட மேல். "ஐயா, இங்க முன்னாடி ட்ரெயின் ஓடுச்சாமே?" என்று தொடங்கினால் போதும், கைகாட்டி மரம் நின்ற இடம், கேட்டு இருந்த இடம், எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். நேரம் மட்டும் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

படத்துக்கு வருவோம். எல்லோரும் எடுக்கும் படம் ஒன்று: இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே குந்தி, அவை தூரத்தில் போய்ச் சேரும் புள்ளியை நடுவில் வைப்பது. தண்டவாளம் இல்லாத இடத்தில் இந்த வித்தை பலிக்காது. அங்கே நமக்கு உதவுவது வெளிச்சம். உச்சி வெயிலில் மண்மேடு தட்டையாகத் தெரியும். காலை ஆறரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, இரண்டடி உயரக் கரைகூட நீளமாக நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மழை முடிந்த கையோடு போனால் பச்சை அழகாக இருக்கும், தடம் தெரியாது. மாசி, பங்குனியில் புல் காய்ந்த பிறகு போனால் படம் காய்ந்திருக்கும், தடம் பளிச்சென்று தெரியும். இரண்டு பருவத்திலும் ஒரே இடத்தில் நின்று எடுப்பதுதான் சரி. வைட் லென்ஸைவிட நீள லென்ஸ் இங்கே பயன்படும். தூரத்து வளைவை அருகே இழுத்து நெருக்கிக் காட்டினால் ரயில் திரும்பிய விதம் விளங்கும். ஆள் ஒருவரை நடக்கவிட்டால் கரையின் உயரமும் புரியும்.

சின்னச் சின்னதையும் எடுங்கள். ரயில்வே எல்லைக் கல், கல்வர்ட்டின் நெற்றியில் செதுக்கிய ஆண்டு, கொக்கி கழன்ற கேட்டுத் தூண், தண்டவாளத்தில் செய்த வேலிக்கால். அவற்றை எடுத்துக்கொண்டு வரவேண்டாம். ரயில்வே இரும்பைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு போல்ட்டும் அதில் அடக்கம். நடப்பதற்கும் சட்டம் உண்டு. ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. ரயில் ஓடவில்லை என்பதால் அந்த நிலம் ரயில்வேயின் கையைவிட்டுப் போய்விடாது. துரு ஏறிய தண்டவாளம் கைவிட்ட தண்டவாளம் என்று நினைப்பதும் ஆபத்து; எப்போதாவது சரக்கு வண்டி போகும் கிளைப் பாதையும் துருப்பிடித்துத்தான் கிடக்கும். சூடேறிய ஜல்லியும் புதரும் விரியனுக்குப் பிடித்த இடம், ஆகையால் கணுக்கால் மூடிய காலணி.

மலைக்காடு என்றால் அனுமதியை வெறும் சம்பிரதாயமாக எண்ணக்கூடாது. டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப் பாதை இறங்கிய அதே மலைச்சரிவில், குரங்கணியில், 2018 மார்ச்சில் காட்டுத்தீக்குள் சிக்கி மலையேற்றக்காரர்கள் பலர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் தடம் தெரியும் என்று மேலே சொன்னேன் அல்லவா, புல் காய்ந்த அந்தப் பருவத்தில்தான்.

தனுஷ்கோடியைச் சொல்லாமல் தமிழில் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஆனால் அதை நான் வேறு வரிசையில் வைக்கிறேன். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது முக்கியப் பாதை தனுஷ்கோடிக்குத்தான் போனது. இராமேஸ்வரம் பாம்பனிலிருந்து பிரியும் கிளை. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, தனுஷ்கோடித் துறையில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. யாரும் தப்பவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். ரயில் இராமேஸ்வரம் கிளைக்குத் திரும்பியது, தனுஷ்கோடி என்ற தலை துண்டிக்கப்பட்டது. இங்கே பாதையை மூடியது செடி அல்ல, மணல். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு வேனிலும் காரிலும் போய், இடிந்த சுவருக்கு முன்னால் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கிறார்கள். நல்ல வெளிச்சம், நல்ல கடல், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுவர் எதனால் இடிந்தது என்று தெரிந்தவர்கள் அங்கே வேறு மாதிரி நிற்பார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றும்.

படம் ஒரு பாதையின் தலையெழுத்தை மாற்றிய சம்பவமும் உண்டு. நியூயார்க்கின் மேற்குப் பக்கத்தில் தெருவுக்கு மேலே தூணில் ஓடிய சரக்குப் பாதை ஹை லைன். 1980-இல் கடைசி வண்டி போனது. இடித்துவிடலாம் என்பதே பலரின் எண்ணம். இடிக்காதே என்று 1999-இல் இருவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்; ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்ட் என்ற புகைப்படக்காரர் அனுமதி வாங்கி மேலே ஏறி, நான்கு பருவமும் எடுத்தார். கட்டிடங்களுக்கு நடுவே, தண்டவாளத்தை மூடிய காட்டுப்புல். கீழே தெருவில் நடந்தவர்களுக்குத் தலைக்கு மேலே அப்படியொரு புல்வெளி இருந்ததே தெரியாது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஊர் மனம் மாறியது. 2009-இல் பூங்கா திறந்தது. ஆனால் அதைக் கட்ட, தண்டவாளத்துக்கு அடையாளம் போட்டுக் கழற்றி வைத்துவிட்டு, ஜல்லி, மண், புல் அத்தனையும் அகற்றினார்கள். பிறகு அந்தக் காட்டுப்புல்லின் சாயலில் புதுச் செடிகளை நட்டார்கள். எந்தப் புல்லின் படம் பாதையைக் காப்பாற்றியதோ, அந்தப் புல் தப்பவில்லை. இன்று அது படத்தில் மட்டும் இருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு திருப்பம் உண்டு: செத்த பாதைகள் பிழைத்து வருகின்றன. யாழ்ப்பாணத்துக்கு 2014 அக்டோபரில் ரயில் திரும்பியது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறையும் போய்ச் சேர்ந்தது. கூரையற்ற அந்த ஸ்டேஷனை எடுத்த படங்களை இனி யாரும் எடுக்க முடியாது.

மூணாற்றுத் தேயிலை இறங்கி வந்த போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1928-இல். மேலே இருந்த ரயிலை வெள்ளம் கொண்டுபோய் நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததேயில்லை. உலகப் போரில் போடித் தண்டவாளத்தையும் கழற்றினார்கள், 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010-இன் கடைசியில் அகலப் பாதையாக்குவதற்காக மறுபடி நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருடம் சீமைக் கருவேலம் தன் வேலையைச் செய்தது. ஆண்டிப்பட்டிக் கணவாய்ப் பக்கம் அந்தக் காலத்தில் எடுத்த படங்கள் சிலரிடம் இருக்கலாம்: முள் மூடிய கரை, கதவில்லாத ஸ்டேஷன், ஆடு படுத்திருக்கும் பிளாட்பாரம். 2023 ஜூனில் போடிக்கு மூன்றாவது முறையாக ரயில் வந்தது. பழைய படம் எடுத்த இடத்தில் இப்போது போய் நின்றால் ஹாரன் அடிப்பார்கள்.